இடது பக்கம் வரும் வண்டிகள்

ஜூன் 10, திங்கள்

இன்று பள்ளிக்கூடம் திறக்கிற நாள். பழக்க தோஷத்தில் விடியும் முன்பே எழுந்து ட்ராக் சூட் போட்டு, கேன்வாஸ் ஷூ கயிறும் கட்டிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, ஓய்வு பெற்று ஒரு மாதம் ஆகப்போகிறது என்று. எனக்கே சிரிப்பு வந்தது. கட்டின ஷூவைக் கழற்றுவானேன் என்று நடக்கப் போனேன்.

வீட்டுக்கு எதிரே செக்போஸ்ட் நாலு ரோடு. வீடு இந்தப் பக்கம். பூங்கா, பால் பூத், பஸ் ஸ்டாப், நூலகம் எல்லாம் அந்தப் பக்கம். காலையில் ஒருமுறை போய்வருவதே பெரும்பாடு. சிக்னல் கம்பம் நான்கு மூலையிலும் நிற்கிறது. நான் குடிவந்த நாளிலிருந்து அது மஞ்சளைத் தவிர வேறு நிறம் காட்டியதில்லை. மின்னிக்கொண்டே இருக்கிறது, அவ்வளவுதான். வெள்ளைக் கோடு போட்ட இடத்தில் ஷேர் ஆட்டோக்காரர்கள் வண்டி நிறுத்தி ஆள் ஏற்றுகிறார்கள்.

கீழ் வீட்டில் சம்பூர்ணம், நைட்டியும் பிளவுசும் தைக்கிறவள். படிக்கட்டில் இறங்கினால் இடது பக்கம் ஜன்னல். அதை ஒட்டித்தான் அவள் மெஷின். விடிந்ததிலிருந்து கடகடவென்று ஓடும். முன்பெல்லாம் நிமிர்ந்து ஒரு சிரிப்பாவது சிரிப்பாள். இப்போது அதுவும் இல்லை. பி.டி. டீச்சராக இருந்தவரை ஊரே கும்பிட்டது. வேலை போனதும் கீழ் வீட்டுக்காரிக்குக்கூட நான் யாரோ.

போகட்டும். இட்லி மாவு அரைத்தேன். ஒரு ஆளுக்கு அரைப்பது பெரிய தொல்லை. கிரைண்டர் கல்லுக்கடியில் ஒட்டுவதே பாதி.

ஜூன் 14, வெள்ளி

காப்பி டம்ளர் கவிழ்ந்து மேசை விரிப்பெல்லாம் கறை. இந்த வாரம் இரண்டாவது தடவை. மேசை ஆடுகிறது. கால் ஒன்றுக்கு அட்டை மடித்து வைத்தேன்.

ரோட்டில் ஒரு பைக்குக்காரன் உரசிக்கொண்டு போனான். இந்தப் பாதி ரோட்டைத் தாண்டி நடுத்தடுப்பு வரைக்கும் போய்விடலாம். அதற்கப்புறம் இருக்கிற பாதிதான் எமன். வண்டிகள் எங்கிருந்துதான் முளைக்கின்றனவோ! பார்க்கும்போது ரோடு காலி. ஒரு அடி வைத்தால் மூக்குக்கு முன்னால் நிற்கிறான். எல்லாருக்கும் அவசரம்.

தம்பியிடமிருந்து போன் வரும் என்று பார்த்தேன். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போயிருப்பார்கள்.

ஜூன் 18, செவ்வாய்

எழுத்து கோணலாக இருக்கிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

காலை பால் வாங்கப் போனேன். நடுத்தடுப்பில் நின்றேன். காலியாக இருந்தது, இறங்கினேன். நான்கு அடி போயிருப்பேன். இடது பக்கத்தில் ஒரு அலறல், தரையில் இரும்பு தேய்கிற சத்தம். ஒரு ஸ்கூட்டி என் பையைப் பிய்த்துக்கொண்டு போய், கம்பத்தடியில் விழுந்து கிடந்தது, சுற்றிலும் பாத்திரங்கள். ஓட்டி வந்த பெண் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பர்தா மேல் எல்லாம் மண். முப்பது வயது இருக்கும்.

எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. கூட்டம் கூடிவிட்டது. ஆளாளுக்கு அவளைத் திட்டினார்கள். "வயசானவங்க ரோட்டத் தாண்டறாங்க, கண்ணு மண்ணு தெரியாம வர்றியே" என்றார் ஆட்டோக்காரர் ஒருவர். வயசானவங்க என்றது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் நியாயத்தைத்தானே சொல்கிறார்.

அவள் என்னைப் பார்த்து, "ஹார்ன் அடிச்சனுங்களே மேடம்" என்றாள். அந்த ரோட்டில் நிமிஷத்துக்கு நூறு ஹார்ன். எது யாருக்கு என்று யார் கண்டது?

ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். அதிவேகம், கவனக்குறைவு. எஸ்.ஐ. இளைஞர், மரியாதையானவர். நாற்காலி போட்டார். அவர் அக்கா என்னிடம் கோகோ விளையாடினவளாம். "உங்க விசில் சத்தம் கேட்டா தெருவே நிக்கும்னு சொல்லுவா, டீச்சர்" என்றார். வெகுநாளைக்குப் பிறகு மனசு நிறைந்தது.

ஜூன் 19, புதன்

தோள்வலி. தைலம் தேய்த்தேன். விபத்து விஷயம் தெருவெல்லாம் தெரிந்திருக்கும். யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

ஜூன் 21, வெள்ளி

மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது நாலு ரோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி. பிள்ளைகள் பாதிப்பேர் எங்கள் பக்கத்துத் தெருக்களிலிருந்துதான் போகிறார்கள். பெரியவள் ஒருத்தி சின்னதுகளைக் கோர்த்துப் பிடித்துக்கொண்டு, ஒரே ஓட்டமாக ஓடுகிறாள். ஒரு பொடியனின் செருப்பு நடுரோட்டில் கழன்றுவிட்டது. அவன் திரும்பிப் போய் எடுக்கிறான்! லாரி ப்ரேக் போட்டு நின்றது.

இதற்கு ஒரு வழி செய்ய வேண்டும். என்னால் முடியும்.

ஜூன் 24, திங்கள்

தலைமை ஆசிரியையைப் போய்ப் பார்த்தேன். "காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம், நான் நின்னு பிள்ளைகளைக் கூட்டிட்டு வர்றேன்" என்றேன். அந்த அம்மாள் கையெடுத்துக் கும்பிடாத குறை. "போலீஸ்ல ஆள் கேட்டு நடையா நடந்தாச்சுங்க டீச்சர். நீங்களா வந்து கேக்கறீங்க. இத விட என்னங்க வேணும்?"

விசிலை வெந்நீரில் போட்டுக் கழுவினேன். பழைய சிவப்புத் துணி ஒன்றைக் கிழித்துக் கொடி தைத்துக்கொண்டேன்.

ஜூன் 25, செவ்வாய்

முதல் நாள். குரல் கட்டிவிட்டது. தொண்டைக்கு இதமாக மிளகு ரசம் வைத்தேன். நன்றாகச் சாப்பிட்டேன்.

ஜூலை 2, செவ்வாய்

பிள்ளைகள் பழகிவிட்டார்கள். மூன்று வரிசை. முன்னால் நான், கொடியை நீட்டிக்கொண்டு. ஒரு விசில் என்றால் நில். இரண்டு என்றால் நட. ஓடக் கூடாது. ஓடினால் தோப்புக்கரணம்.

நிதர்சனா என்று ஐந்தாம் வகுப்பு. வாய் ஓயாது. என் இடது கையை அவள்தான் பிடித்துக்கொள்வாள், வேறு யாருக்கும் விட்டுத் தர மாட்டாள். "மிஸ், உங்களுக்குப் பாப்பா இல்லீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "மாமா?" அதுவும் இல்லை என்றேன். கொஞ்சம் யோசித்தாள். "அப்ப வீட்டுல யாரோட சண்ட போடுவீங்க?"

ஆட்டோக்காரர்கள் என் தலையைக் கண்டால் வெள்ளைக் கோட்டை விட்டு வண்டியைத் தள்ளி நிறுத்துகிறார்கள். பஸ் டிரைவர்கள் கை காட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை எப்போது முடியும் என்றிருக்கிறது.

சாயங்காலம் தண்ணீர் மோட்டார் போட இறங்கினபோது சம்பூர்ணம் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். "ரோட்டுல போற வர்ற புள்ளைகளோடயெல்லாம் பேச்சுத்தான். நம்மளைத்தான் ஏறெடுத்தும் பாக்கறதில்ல." என்னைத்தான். நல்ல கதையாக இருக்கிறது! யார் யாரைப் பார்க்கவில்லை?

ஜூலை 9, செவ்வாய்

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

காலை. நடுத்தடுப்பில் பிள்ளைகளை நிறுத்தினேன். இடது பக்கம் திரும்பிப் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன். இரண்டு விசில் கொடுத்து இறங்கினேன். நிதர்சனா "மிஸ், பஸ்சு!" என்று கத்திக்கொண்டே என் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். நான் தடுப்பில் இடித்து உட்கார்ந்துவிட்டேன். பெருந்துறை பஸ் கிறீச்சிட்டு, எங்களைத் தாண்டிப் போய் நின்றது. டயர் தீய்ந்த வாசனை.

கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே கத்தினார். "ஏனுங்க டீச்சரம்மா, இம்மாம் பெரிய வண்டி வர்றது கண்ணுக்குத் தெரியலீங்களா? இதுதான் நீங்க புள்ளைகளக் காப்பாத்தற லட்சணமா?"

பஸ் வேகமாக வந்தது. அது நிச்சயம். அந்த இடத்தில் மரம் வேறு மறைக்கிறது.

பிள்ளைகள் யாரும் அழவில்லை. பள்ளி வாசல் வரைக்கும் வரிசை கலையாமல் வந்தார்கள்.

வீட்டில் குளியலறைக் கதவு நிலையில் தோள் இடித்தது. வீடு இருட்டாக இருக்கிறது. கூடத்துக்கு வேறு பல்பு வாங்கி மாட்டினேன்.

ஜூலை 11, வியாழன்

எஸ்.ஐ. போன் செய்தார். ஸ்கூட்டிக்காரப் பெண் தன் மேல் தப்பில்லை என்று ஒரே பிடியாக நிற்கிறாளாம். நாளை மறுநாள் இரண்டு பேரையும் வைத்து விசாரிக்க வேண்டுமாம். "நீங்க உறுதியா இருந்தா எஃப்.ஐ.ஆர். போட்டுடலாங்க டீச்சர். லைசென்சும் முடங்கும்."

நான் கல்நெஞ்சக்காரி இல்லை. அந்தப் பெண் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடலாம் என்று தோன்றியது. விலாசம் வாங்கிக்கொண்டு சாயங்காலம் போனேன். ஆரஞ்சு வாங்கிக்கொண்டுதான் போனேன்.

ரயில்வே லைனுக்குப் பின்னால் சின்ன ஓட்டு வீடு. பெயர் தில்ஷாத். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. வலது கை முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. என்னைப் பார்த்ததும் முகம் இறுகிவிட்டது. ஆனாலும் "உக்காருங்க" என்று பிளாஸ்டிக் நாற்காலியை இடது கையால் இழுத்துப் போட்டாள்.

"கை எப்படி இருக்கு?"

"ரெண்டு எலும்பு ஒடஞ்சிருக்குதுங்க. துணியப் புரட்டிப் பாக்கற வேலைங்க மேடம், ஒரு கையில முடியாது. வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

"வேகமா வரலாமாம்மா, அந்த இடத்துல?"

அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை.

"மேடம், பெருநாளுக்கு மறுநாள் அது. வண்டி நிறைய எங்கக்கா வீட்டுப் பாத்திரம். திருப்பிக் குடுக்கப் போயிட்டு இருந்தேன். அத வெச்சுக்கிட்டு வேகமாப் போக முடியுங்களா? நீங்க நடுவுல நிக்கறத தூரத்துலயே பாத்துட்டேன். ஹார்ன் அடிச்சேன். நீங்க என் பக்கமாத் திரும்பி, என்னையப் பாத்தீங்க. பாத்துட்டாங்க, நிப்பாங்கன்னுதான் வந்தேன். நீங்க எறங்கிட்டீங்க. நான் ஒடிச்சுத் திருப்பலேன்னா உங்க மேல ஏத்தியிருப்பேன்."

"நான் உன்னைப் பார்க்கவே இல்லையே."

"அதத்தானுங்க நானும் கேக்கறேன். பாத்துட்டே எப்படிங்க பாக்காம இருப்பீங்க?"

எனக்குக் கோபம் வந்தது. எழுந்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் தில்ஷாத் என் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவள், மெதுவாகக் கேட்டாள்.

"மேடம்... எங்கம்மா டீ நீட்டிட்டு நிக்கறாங்க. வேண்டாங்களா?"

திரும்பினேன். என் இடது தோளுக்குப் பக்கத்தில், ஒரு முழத் தூரத்தில், ஒரு வயதான அம்மாள் தட்டில் டம்ளரை வைத்து நீட்டிக்கொண்டு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. நான் மரியாதை தெரியாதவள் என்று நினைத்திருப்பார், முகம் சுண்டியிருந்தது.

டீயைக் குடித்தேன். சூடா, ஆறிப்போனதா, எதுவும் நினைவில்லை. ஆரஞ்சைக் கொடுத்தேனா, அங்கேயே வைத்துவிட்டு வந்தேனா என்பதும் நினைவில்லை. நாலு ரோட்டுப் பக்கமே போகாமல், ஆட்டோ பிடித்துப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

ஜூலை 12, வெள்ளி

பிள்ளைகளுக்கு வகுப்பில் சொல்லிக் கொடுக்கிற ஒரு பயிற்சி உண்டு. நேராக ஒரு புள்ளியைப் பார்த்து நில். கையைப் பக்கவாட்டில் நீட்டிக் கட்டை விரலை உயர்த்து. கழுத்தைத் திருப்பாதே. கையை மெதுவாக முன்னால் கொண்டு வா. விரல் எங்கே தெரிகிறது, சொல்.

காலண்டரில் இருக்கும் முருகன் முகத்தைப் பார்த்து நின்றேன். வலது விரல் கிட்டத்தட்ட தோள் நேரிலேயே தெரிந்துவிட்டது.

இடது விரல் தெரியவில்லை. கொண்டுவந்துகொண்டே இருந்தேன். முருகனுக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது.

நாலைந்து தடவை செய்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டும் செய்தேன்.

எஸ்.ஐ.க்குப் போன் செய்து உடம்பு சரியில்லை, விசாரணையைத் தள்ளிப்போடுங்கள் என்றேன். பள்ளிக்குச் சொல்ல வேண்டும். சாயங்காலப் பணிக்கு நேரமாகிவிட்டது. கழுத்தை நன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டால் போதும்.

போனேன். இடது பக்கமே பார்த்துக்கொண்டு நடந்ததில் வலது பக்கம் ஒரு சைக்கிளில் மோதிக்கொண்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நிதர்சனா சிரிக்கவில்லை. இன்று அவள் என் கையைப் பிடித்திருந்த விதம் வேறு மாதிரி இருந்தது. நான் அவளைக் கூட்டிப் போவது போல இல்லை.

தலைமை ஆசிரியையிடம் சொல்லவில்லை.

ஜூலை 13, சனி

விடுமுறை. வீடு துடைத்தேன். திங்கட்கிழமை இன்னும் ஒருநாள் மட்டும் நின்றுவிட்டுச் சொல்லலாமா என்று யோசித்தேன். ஒரு நாள்தானே.

அப்படி யோசித்ததை எழுதி வைக்கிறேன். நாளைக்கு நான் இதைப் படிக்க வேண்டும்.

ஜூலை 15, திங்கள்

காலையிலேயே பள்ளிக்குப் போன் போட்டு, இன்று வர முடியாது, பிள்ளைகளுக்கு யாரையாவது அனுப்புங்கள் என்றேன். ஆட்டோ பிடித்து நேராகக் கண் ஆஸ்பத்திரி.

ஒரு பெட்டிக்குள் தலையை வைக்கச் சொன்னார்கள். நடுப் புள்ளியையே பார்க்க வேண்டும், ஓரத்தில் வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். வலது கண்ணுக்கு அழுத்தினேன். இடது கண்ணுக்கு மாற்றியதும் வெகு நேரம் ஒன்றுமே வரவில்லை. மெஷின் வேலை செய்யவில்லை போல என்று அந்த நர்ஸ் பெண்ணிடம் சொன்னேன். "வேலை செய்யுதுங்கம்மா" என்றாள்.

டாக்டர் அம்மா நிதானமாகச் சொன்னார். கண்ணில் நீர் அழுத்தம் கூடி, நரம்பை அரித்துக்கொண்டு போகிறது. வலி இருக்காது. ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல உள்ளே வரும். நேர் பார்வை நன்றாக இருப்பதால் ஆளுக்கே தெரியாது. இடது கண் ரொம்பப் போய்விட்டது. வலதிலும் மூக்குப் பக்கத்திலிருந்து ஆரம்பம்.

"போனது திரும்ப வருங்களா?"

"வராதும்மா. இருக்கறதக் காப்பாத்திக்கலாம். சொட்டு மருந்த ஒரு நாள்கூட விடக் கூடாது. ரோட்டத் தாண்டறப்ப தனியாப் போகாதீங்க. இத நான் உங்க வீட்ல ஒருத்தர்கிட்டயும் சொல்லணும். கூட யாரு வந்திருக்காங்க?"

யாரும் வரவில்லை என்றேன். வெளியே உட்கார்ந்திருக்கிறார்களா என்று கேட்டார். வெளியேயும் யாரும் இல்லை என்றேன்.

ஜூலை 16, செவ்வாய்

ஆட்டோவில் சுற்றிப் போய்த் தலைமை ஆசிரியையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பஸ் விஷயத்தையும். வெள்ளிக்கிழமை தெரிந்தே போய் நின்றதையும். திட்டினால் தேவலை போலிருந்தது. "பெத்தவங்களக் கூப்பிட்டு முறை வெச்சு நிக்கச் சொல்றேங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னார். கொடியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அங்கிருந்து ஸ்டேஷன். புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். எஸ்.ஐ. காரணம் கேட்டார். சொன்னேன்.

"அப்ப தப்பு உங்க மேலங்களா டீச்சர்?"

"ஆமா. அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. அப்படியே எழுதிக்குங்க. ஆனா தம்பி, இன்னொன்னும் எழுதணும். அந்த சிக்னல் செவப்பு காட்டியிருந்தா அவ நின்னிருப்பா, பச்சை பார்த்து நான் நடந்திருப்பேன். என் கண்ணு போனதே எனக்குத் தெரியாமப் போயிருந்தாலும் ஒருத்தர் கையும் ஒடஞ்சிருக்காது. ரோடுங்கறது நல்ல கண்ணு உள்ளவங்களுக்கு மட்டும்தானா?"

அவர் பேனாவை மூடிவிட்டு, "மேல எழுதறேங்க" என்றார். எழுதுவாரோ என்னவோ.

அடுத்தது தில்ஷாத் வீடு. வாசலிலேயே நின்று சொன்னேன். கேஸ் இல்லை, தப்பு என்னுடையது, மன்னித்துக்கொள். அவள் கேட்டுக்கொண்டாள். "சரிங்க" என்றாள். பிறகு, "கண்ணுக்கு என்னங்க சொன்னாங்க?" என்றாள். சொன்னேன். அதற்கும் "சரிங்க" என்றாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

ஜூலை 18, வியாழன்

சொட்டு மருந்து காலை, இரவு. கண்ணாடி பார்த்து விட்டும் பாதி கன்னத்தில் வழிகிறது.

ஜூலை 20, சனி

பால் இல்லை. கடுங்காப்பி.

ஜூலை 22, திங்கள்

மாடியிலிருந்து பார்த்தேன். இரண்டு அப்பாக்கள், ஒரு அம்மா, கையில் என் கொடி. நன்றாகத்தான் செய்கிறார்கள். நிதர்சனா இப்போது முன்வரிசையில் நடக்கிறாள். மேலே நிமிர்ந்து பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்து நடக்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தானே.

மாவு பொங்கிப் புளித்துவிட்டது. கொட்டினேன்.

ஜூலை 25, வியாழன்

ஐந்து நாட்களாக வாசல் தாண்டவில்லை. இறங்கினால்தான் என்ன, அந்தப் பக்கம் போக முடியாதே.

சாயங்காலம் கதவு தட்டும் சத்தம். சம்பூர்ணம். கையில் ஒரு பாக்கெட் பால்.

"மாடியில அரவமே இல்லையேன்னு பயந்துட்டேங்க டீச்சர். உடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

உட்காரச் சொன்னேன். கண் விஷயத்தைச் சொன்னேன். அவள் வாயில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அட ஆண்டவா... நீங்க படி எறங்கறப்பெல்லாம் தலையாட்டுவனுங்க. மெஷின் ஓடறப்ப பேசினா காதுல விழாதுன்னு கையக்கூடத் தூக்குவேன். நீங்க பாட்டுக்கு நேராப் பாத்துட்டுப் போயிருவீங்க. விபத்தன்னிக்குக்கூட நீங்க வந்து எறங்கினப்ப எந்திரிச்சு வாசல்ல நின்னேன். திரும்பிக்கூடப் பாக்கல. படிச்சவங்க, நம்மகிட்ட எதுக்குப் பேசப் போறாங்கன்னு நான் மேல வரல."

"எவ்வளவு நாளா?"

"அது இருக்கும், ரெண்டு வருஷம்."

இரண்டு வருஷம்! இன்னும் யார் யார் இடது பக்கம் நின்று தலையாட்டினார்களோ. பஸ்ஸில், பள்ளி மைதானத்தில், கல்யாண வீடுகளில்.

அவள் போன பிறகு பாலைக் காய்ச்சினேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

கண் அழுத்தம் பார்க்க இன்று வரச் சொல்லியிருந்தார்கள். சம்பூர்ணம் கூட வருகிறேன் என்றாள். ஆடி மாதம், துணி குவிந்து கிடக்கிறது, அவளை எங்கே இழுப்பது? வேண்டாம் என்றேன். ஒவ்வொரு தடவையும் ஆட்டோவுக்குக் கொடுத்து மாளாது, நடந்தே தாண்டிப் பார்க்கலாம் என்று கிளம்பினேன்.

இப்போது காலையிலும் மாலையிலும் ஒரு கான்ஸ்டபிள் நிற்கிறார். எஸ்.ஐ. எழுதியிருக்கிறார். சிக்னல் மட்டும் அப்படியேதான். நான் போனது மத்தியானம், கான்ஸ்டபிள் இல்லாத நேரம். நின்றேன். ஜனங்கள் ஐந்தாறு பேராகச் சேர்வதும், ஒருத்தர் கை காட்டிக்கொண்டே இறங்குவதும், மற்றவர்கள் பின்னாலேயே ஓடுவதுமாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் கூடப் போக எண்ணிக் காலை எடுத்தேன். கால் வரவில்லை. ஒரு மைதானத்தையே ஓடி ஓடி ஆட்டி வைத்த கால்.

எத்தனை கூட்டம் போயிற்றோ தெரியாது.

"மேடம்."

வலது பக்கத்திலிருந்து குரல். தில்ஷாத். கட்டுப் பிரித்துவிட்டார்கள், மணிக்கட்டில் பட்டைத் துணி சுற்றியிருந்தாள். கையில் சாப்பாட்டுக் கூடை. இன்றுதான் திரும்ப வேலைக்குச் சேர்ந்திருக்கிறாளாம், மத்தியான ஷிப்ட்.

"வண்டி என்னாச்சு?"

"சரி பண்ணி வீட்ல நிக்குதுங்க. எடுக்கத்தான் பயமா இருக்குது. நடுவுல யாராச்சும் நின்னா, எறங்கிருவாங்களோன்னு தோணுது. பஸ்ல போயிக்கறேன். ஸ்டாப்பு அந்தப் பக்கம்." ரோட்டைப் பார்த்தாள். "நானும் அப்பவே வந்துட்டேங்க. பின்னால அந்தக் கடையோரமா நின்னுட்டு இருந்தேன். எனக்கும் எறங்க மாட்டேங்குது."

ஒரு தண்ணி லாரி போயிற்று.

அவள் கூடையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு என் பின்னால் சுற்றி வந்து இடது பக்கம் நின்றாள். "இந்தப் பக்கத்த நான் பாத்துக்கறேன். அந்தப் பக்கம் நீங்க பாருங்க. ரெண்டு பேரும் சரின்னு சொன்னாத்தான் எறங்கணும். சரிங்களா?"

"சரி."

வலது பக்கம் பார்த்தேன். ஒரு கார், ஒரு டெம்போ. போனதும் "சரி" என்றேன். "சரிங்க" என்றாள். இறங்கினோம். நடுத்தடுப்பில் நின்றோம். இனி அவள் பக்கம். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. எதிரே இருந்த மருந்துக் கடைப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் துணி சுற்றியிருந்த கையால் என் முழங்கையைப் பிடித்தாள். எலும்பு சேர்ந்து சில நாளே ஆன கை. அழுத்திப் பிடிக்க வலித்திருக்கும். வண்டிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது, ஒன்று போனால் ஒன்று.

"இப்ப வாங்க."

போனோம்.

நடைபாதையில் ஏறியதும் கையை விட்டாள். இரண்டு பேருக்கும் வேர்த்துக் கொட்டியிருந்தது. அவள் பஸ் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. நான் தாங்க்ஸ் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் கேட்டாள்.

"திரும்பறது எத்தன மணிக்குங்க?"

"உனக்கு ஷிப்ட் எப்ப முடியும்?"

"எனக்கு எட்டாகுமுங்க. நீங்க?"

"எனக்கும் எட்டாகும்" என்றேன்.

ஆஸ்பத்திரியில் என்னை நான்கு மணிக்கே அனுப்பிவிட்டார்கள். அழுத்தம் குறைந்திருக்கிறதாம். நூலகத்தில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எட்டு மணி வரைக்கும் திறந்திருக்குமாம், கேட்டுக்கொண்டேன்.